அடித்துத் திருத்திய ஐந்து

பாம்பாறு அணை முகாமில் எங்கள் குடும்ப அட்டை.
முதல் பக்கத்தில், நபர்கள் என்ற இடத்தில், ஓர் ஐந்து.
அதன் மேல் நீல மையில் ஒரு கோடு.
பக்கத்தில் நான்கு. கீழே யாரோ ஒருவரின் சுருக்கொப்பம்.
அப்பா, அம்மா, சித்தப்பா, இரண்டு வயதில் நான்.
எழுத்தர் கைப்பிழை என்றே
இருபத்தொன்பது வருடம் நினைத்திருந்தேன்.

ஆனி மாதம்.
பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக
காவேரிப்பட்டினம் கூழ் ஆலைக்குப் போகும் காலம்.
நறுக்கி நறுக்கி, மாம்பால் பட்டு
விரலிடுக்கு வெந்துபோய்
அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்த இரவில்
மினசோட்டாவிலிருந்து தர்ஷிகாவின் குரல் வந்தது.
வாட்ஸப்பில், ஏழு நிமிடம்.

முதியோர் இல்லத்தில் வேலை அவளுக்கு.
அங்கே மாய் வாங் என்றொருவர்,
லாவோஸ் மலைகளில் பிறந்த மோங் பெண்.
குளிப்பாட்டும்போது தோள் தழும்பில் கை பட,
பேசத் தொடங்கிவிட்டாராம்.
மகள் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாளாம்.
மேகாங் ஆறு. அமாவாசை.
கக்கத்தில் மூங்கில் கட்டி இறங்கியவர்கள்.
கரை நெடுகச் சிப்பாய்கள்.
ஒரு குழந்தை அழுதால் நாற்பது பேருக்கும் சாவு.
ஆகவே துளி அபின், தாயின் விரல்நுனியில்.
அக்கரையில் விடிந்தபோது
ஆறு குழந்தைகளில் ஐந்து, பசியில் அழுதன.

"சும்மா சொன்னன் சித்தி. மனசு கேக்கேல்லை"
என்று முடித்திருந்தாள்.

அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடவில்லை.
"இன்னொருக்கா போடு."
போட்டேன்.
"விரல்நுனியிலையோ?"
"ஓம்."
"நான் கரண்டியில."

பிறகு வந்தது எல்லாம்,
கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாக.
பிரிட்டோன் அரைக்குளிசை. சீனித்தண்ணி.
பிள்ளை அழுமோ என்று கேட்ட ஓட்டி.
படகை இரண்டு தரம் தடவிப் போன நேவி வெளிச்சம்.
"அவன் அழேல்லை. நல்ல பிள்ளை எண்டு ஓட்டியும் சொன்னவன்."
மண்டபத்தில் வரிசை. எத்தனை பேர்?
"ஐஞ்செண்டு சொன்னனான்.
அவர் எழுதிப்போட்டுத்தான்
துணியை விலக்கிப் பார்த்தவர்."

தம்பியின் பெயரையும் சொன்னாள்.
அதே பெயரில் முகாமில் இரண்டு பையன்கள்.
சாயந்தரம் யாராவது அவர்களைக் கூவி அழைத்தால்
அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.
காது மந்தம் என்று நாங்கள் சிரிப்போம்.

"அந்த மனிசிக்குச் சொல்லு," என்றாள்.
"நானே சொல்லுறன். எங்க அமத்தவேணும்?"
பதினொரு நிமிடம்.
நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது,
ஆஸ்பெஸ்டாஸ் மேல் பூனை குதிக்கிறது,
அம்மா ஒருமுறை மூக்கைச் சிந்துகிறாள்.
தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து மோங்.
மூன்று வாய் மாறி
அது எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்ததோ.

மறுநாள் பதில். ஒன்பது நொடி.
ஏறி இறங்கி, ஏறி நின்ற குரல்.
ஆறுதல் வார்த்தையாக இருக்கும் என்றுதான்
தர்ஷிகாவிடம் அர்த்தம் கேட்டேன்.
"சின்னக் கரண்டியா, பெரிய கரண்டியா?"
என்று கேட்டிருந்தார் மாய் வாங்.

அம்மா யோசித்தாள்.
சுண்டுவிரலின் முதல் கணுவைக் கட்டைவிரலால் தொட்டு
இவ்வளவு, என்று காட்டினாள்.
அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

சொல்லிவிட்டதால் தூக்கம் ஒன்றும் வந்துவிடவில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறாள், முன்போலவே.
டிவி சத்தம் மட்டும்
இருந்த இடத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை, விடியாத ஆலை வேனில்,
அரூர்ப் பக்கத்து மாதம்மாளிடம் அம்மா அதைச் சொன்னாளாம்,
யாரும் கேட்காமல், ஜன்னலைப் பார்த்தபடி.
மாதம்மாள் பேசவில்லை.
பத்து மணி டீக்குக் கை கழுவும்போது
தண்ணீரைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் சொன்னாளாம்:
"என்கிட்டயும் ஒண்ணு இருக்குது, கொரற்றி.
சீசன் முடியட்டும்."

சீசன் முடிய
இன்னும் பத்தொன்பது நாள்.